எண்பத்து மூன்று சதவீதம்

காப்பியே பிடிக்காத எனக்கு
கிசுமு நகரின் பதினோரு காப்பிக்கடைக்
கடவுச்சொற்கள் மனப்பாடம்.

மிலிமானியில் மெத்தை நாற்காலி,
கூரையிலிருந்து தொங்கும் செடிகள்,
ரசீதின் அடியில் பொடி எழுத்தில் ஒரு சொல்.
அதற்கு ஆயுள் முப்பது நிமிடம்.
பிறகு இன்னொரு கோப்பை வாங்க வேண்டும்.
ஒரே ஒரு அலுவலகக் கூட்டம், நான்கு காப்பி.
கை நடுங்க, "ஆமாம், கேட்கிறது" என்றேன்.
கேட்கவில்லை.

கொண்டேலேயில் வேகம் உண்டு,
நாலு மணி வரை.
நாலு மணிக்குப் பந்தயம் கட்டும் பையன்கள் வருவார்கள்.
இருபது கைப்பேசியில் ஒரே பந்து உருளும்.
என் பங்குக்கு மிஞ்சுவது
கடலில் கரைத்த பெருங்காயம்.

பேருந்து நிலையத்து மாடிக்கடையில்
சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கும்.
நிற்கும். அவ்வளவுதான்.

அபோந்தியை அங்கேதான் பார்த்தேன்,
மேசைக்கு அடியில் தவழ்ந்து
பிளக் தேடிக்கொண்டிருந்தாள்.
கனடாவில் ஒரு பல் மருத்துவர்
அடுத்தவர் வாய்க்குள் பார்த்துச் சொல்வதை
இவள் இங்கே தட்டச்சு செய்கிறாள்:
மேல்வரிசை, இடப்பக்கம், ஆறாம் பல், சொத்தை.
இரவு ஏழுக்குள் போய்ச் சேராவிட்டால்
பாதிக் கூலி.
"உனக்கு வேண்டியது காப்பியா, நெட்டா?" என்றாள்.
"நெட் என்றால் என்னோடு வா.
மீன் வாடை பரவாயில்லையா?"

டுங்கா. சாலை முடிந்து ஏரி தொடங்கும் இடம்.
தகரக் கூரை, நான்கு பிளாஸ்டிக் மேசை,
எண்ணெயில் பொரியும் திலாப்பியா.
கடைக்காரியைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை,
மின் ஓவிதி என்பார்கள்.
லுவோ மொழியில் மின் என்றால் அம்மா,
ஓவிதியின் அம்மா.
எனக்கு மட்டும் வேறொன்று கேட்டது.
ஏனென்றால் நகரமே இருண்ட நாளிலும்
அவள் கூரைக்கடியில்
பாலிதீன் பை சுற்றிய ரவுட்டரில்
பச்சைப்புள்ளி அணையாது.

எப்படி என்று கேட்காமலே
மூன்று வாரம் வேலை பார்த்தேன்.

நாலாவது வாரம், மழை, மின்வெட்டு,
மணி ஆறே முக்கால்.
ஒகெயோ உள்ளே வந்து
மூலையில் கிடந்த சாக்கை விலக்கினான்.
அவனுடைய பேட்டரி.
ராத்திரி படகில் விளக்கெரிக்க;
வெளிச்சம் பார்த்துத்தான்
ஒமெனாப் பொடிமீன் மேலே வரும்.
கரண்ட் இருக்கும்போது இங்கே சார்ஜ் ஏறும்,
அந்தக் கூலிக்குப் பகலெல்லாம்
ரவுட்டரைச் சுமக்கும்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அபோந்தி.
எண்பத்து மூன்று சதவீதம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று
எனக்குச் சொல்லித் தந்தவர்கள்
காற்று யாருடையது என்று சொல்லவில்லை.

அவன் குனிந்து திரையைப் பார்த்தான்,
மிதவை அசைகிறதா என்று பார்ப்பதுபோல்.
வெளியே மற்ற படகுகளின் மோட்டார்
ஒவ்வொன்றாக உறுமி விலகியது.
நிலவில்லாத இரவு, நல்ல இரவு.
"அதில் எத்தனை மீன்?"
"மீனில்லை, பல். முப்பத்திரண்டு.
இல்லை, இருபத்தொன்பது,
மூன்றைப் பிடுங்கிவிட்டார்கள்."
சிரிக்கவில்லை. ஒயரிலிருந்து கையை எடுக்கவுமில்லை.
நின்றான்.
தொண்ணூற்றொன்றில் கோடு உறைந்தது.
யாரும் சொல்லாமலே மின் ஓவிதி
தன் கைப்பேசியை அணைத்து
மாவுப் பாத்திரத்தின் அருகே கவிழ்த்து வைத்தாள்.

போய்விட்டது.
மணி ஆறு ஐம்பத்தெட்டு.
ஒகெயோ ஒயரைப் பிடுங்கினான்,
பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு
மழையில் ஓடினான். பச்சைப்புள்ளி இல்லை.

என் கோப்பு அறுபத்திரண்டில் நின்றிருந்தது.
என்னை யாரும் கேட்கவில்லை.
மடிக்கணினியை மூடிவிட்டு
ஒரு மீன் சொன்னேன், அரை விலைக்குத் தந்தாள்.

மழை வெறித்ததும்
ஏரிமேல் விளக்குகள், தூரத்தில், நிறைய.
"அதுதான் அவன்" என்று
விரல் நீட்டினாள் அபோந்தி.
கொஞ்ச நேரம் கழித்து
வேறொன்றைக் காட்டினாள்.